கழுவினால் போகாத பச்சை

அன்பு மகனுக்கு, இல்லை, வாத்தியார் ஐயாவுக்கு,

சலாம். தென்னூரில் நானும் உன் அத்தாவும் இருக்கிற சுகத்தில் இருக்கிறோம். அவருக்கு நடந்தால் மூட்டு வலிக்கிறது. எனக்குப் பேசாமல் இருந்தால் வாய் வலிக்கிறது. நலம் விசாரிப்பு இதோடு போதும். நீ முசிறி பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பிஸ்கட் டின் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. மகன் சம்பளம் வாங்கிப் பலகாரம் அனுப்பியிருக்கிறான் என்று உன் அத்தா ஆசையாக மூடியைத் திறந்தார். உள்ளே பச்சைப் பொடி. “என்ன புள்ள இது, மருதாணியா? இந்த வயசுல உனக்கு எதுக்கு மருதாணி?” என்றார். “எனக்கில்லைங்க, உங்க தாடிக்கு” என்றேன். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம். அதன் பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். உன் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. சிரிப்பும் அங்கேயே நின்றுவிட்டது.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் மதியச் சோற்றுக்காகத்தான் வருகிறார்கள். மழை பொய்த்து, ரேஷன் அரிசியும் சரியாக வராமல், அந்தச் சோறும் கைப்பிடிக்குக் குறைந்துவிட்டது. ஊர் ஏரியில் தண்ணீர் வற்றி, மிச்சம் இருப்பதில் பச்சையாகப் பாசி படர்ந்திருக்கிறது. வெளிநாட்டில் பாசியைத் தொட்டி கட்டி வளர்க்கிறார்கள், அதில் கறியைவிடச் சத்து அதிகம், நாளைக்கு உலகமே அதைத்தான் சாப்பிடப்போகிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதனால் நீயே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கி, துணியால் பாசியை அள்ளி, நம் வீட்டில் கடல்பாசியைக் கழுவுவது போலவே கழுவி, காயவைத்து, இடித்து, சலித்து ஒரு ட்ரம் நிறைய வைத்திருக்கிறாய். நீயும் ஒரு வாரமாகச் சாப்பிடுகிறாய், ஒன்றும் செய்யவில்லை. திங்கட்கிழமை முதல் ஒவ்வொரு பிள்ளையின் தட்டிலும் ஒரு ஸ்பூன். “அம்மா, நீங்கள் வருஷா வருஷம் கடல்பாசி காய்ச்சுகிறவர்கள், நாக்கில் வைத்துப் பார்த்து எழுதுங்கள்” என்று கடைசி வரி.

நாக்கில் வைக்கவில்லை மகனே. டின்னை இறுக மூடி, பக்கத்து வீட்டுக் கோழி கூட எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அந்தப் பொடி ஒரு பிள்ளையின் தட்டிலும் விழக் கூடாது. இந்தக் கடிதம் அதற்காகத்தான். வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் நீ கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். படிக்காதவள் பயப்படுகிறாள் என்று சிரித்துவிட்டு ஸ்பூனை எடுப்பாய். அதனால் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். பாதியில் எழுந்து போகாமல் படி.

பாசியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ரமலானில் காய்ச்சி உறையவைத்த கடல்பாசித் துண்டு இல்லாமல் நம் தெருவில் யார் நோன்பு திறந்திருக்கிறார்கள்? வெயிலில் பகல் முழுவதும் வறண்ட வயிற்றுக்குள் அது இறங்கும்போது குளிர்ந்துகொண்டே போகும். மறுநாள் மலச்சிக்கல் இருக்காது. கழுத்தில் கழலை வருகிறவர்களுக்குக் கடலில் விளையும் பாசி நல்லது என்று ஒரு டாக்டரம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். ராமநாதபுரம் கடற்கரையில் பாசியைக் கஞ்சியாகவே காய்ச்சிக் குடிப்பார்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், நான் காய்ச்சும் கடல்பாசியில் சத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சர்க்கரையும் பாலும்தான் சத்து. பாசி பசியைக் கொஞ்ச நேரம் ஏமாற்றும், அவ்வளவுதான். நல்லது என்றால் எவ்வளவு நல்லது என்று தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டில் அது தெரியாமல் போயிற்று.

உன் காதர் மாமா, என் ஒரே தம்பி, இப்போது உறையூர் ஜவுளிக் கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறானே, அவன் ஒரு காலத்தில் கடல்பாசி வியாபாரி என்பது உனக்குத் தெரியும். ராமேஸ்வரம் ரயிலில் போய் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவான். கரையிலிருந்து வரும்போது அது கறுப்பும் சிவப்புமாக, மீன் கவிச்சி அடித்துக்கொண்டு, மணலும் கிளிஞ்சலும் ஒட்டிக்கொண்டு இருக்கும். தண்ணீரில் அலசி வெயிலில் போட வேண்டும், மறுபடி அலச வேண்டும், மறுபடி வெயில். வெளுத்து, வெள்ளை நூல் போல ஆன பிறகுதான் அடுப்புக்கு வரும். கழுவக் கழுவ எல்லாக் கேடும் போய்விடும் என்பது அவனுடைய வேதம். “அக்கா, தண்ணியில விளையிறது எல்லாம் ஹலால். அழுக்கு மட்டும்தான் ஹராம். அதைக் கழுவிட்டா என்ன மிச்சம்?” என்பான். சிரித்தால் பல் முழுவதும் தெரியும். அப்போது அப்படித்தான் இருந்தான்.

அவனுக்கு ஒரு மகள் இருந்தாள், மைமூன். நீ தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாய். நான்கு வயதாகியும் இரண்டு வயதுப் பிள்ளை போலச் சவலையாக இருப்பாள். கடல்பாசித் துண்டு ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதன் வழியாக என்னைப் பார்த்து, “மாமி, நீங்க கோணலா இருக்கீங்க” என்பாள். “நேரா பார்த்தாலும் அப்படித்தான்டி இருப்பேன்” என்பேன். பார்க்கிறவர்கள் எல்லாம் காதரிடம், “ஊருக்கெல்லாம் பாசி விக்கிறே, உன் புள்ளைக்கு ஏம்பா உடம்பு ஒட்டலே?” என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். கேலிதான். ஆனால் அவன் உள்ளே வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறான்.

நீ பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டுச் சென்னையில் உன் பெரியத்தா வீட்டில் இருந்த கோடை அது. அந்த வருஷம் நோன்பு கடும் வெயிலில் வந்தது. காதர் சலூனில் தாடி ஒதுக்கக் காத்திருந்தபோது ஏதோ பத்திரிகையில் நீ படித்த அதே சங்கதியைப் படித்திருக்கிறான். பச்சைப் பாசியில் கறியைவிடச் சத்து என்று. கடல்பாசி வெளுத்துப்போய் ருசியும் சத்தும் இல்லாமல் இருப்பதே கழுவும்போது நிறம் போய்விடுவதால்தான் என்று அவனே ஒரு கணக்குப் போட்டான். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் வாழைத்தோப்புக்கு நடுவே ஒரு குட்டை. கதவுக்குப் பச்சைப் பெயின்ட் கரைத்து ஊற்றியது போல இருக்கும். அங்கே போய் வேட்டித் துண்டால் மேலாக மிதந்ததை அள்ளிவந்தான். அலசினான், காயவைத்தான், மறுபடி அலசினான். கடல்பாசிக்கு என்ன பக்குவமோ அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பச்சை மட்டும் போகவில்லை. அதுதான் சத்து என்று சந்தோஷப்பட்டான்.

அந்தக் குட்டைக்கரையில் மாடு மேய்க்கும் கோனார் ஒருவர் பெரிய கடைவீதிக்குப் பால் கொண்டுவருவார். அவர் நம் வீட்டு வாசலிலேயே காதரைப் பிடித்துக்கொண்டு, “பாய், அந்தத் தண்ணி வேணாம் பாய். என் கன்னுக்குட்டி காலையில வாய் வெச்சுது, பொழுது சாய்றதுக்குள்ள காலை உதைச்சுக்கிட்டுச் செத்துப்போச்சு” என்றார். காதர் சட்டென்று, “உங்க கன்னுக்குட்டி கழுவிச் சாப்பிட்டுச்சா கோனாரே?” என்றான். கோனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பேச்சைத் தெருவெல்லாம் கொண்டுபோய்ச் சொன்னதும் நான்தான். ஒரு நல்ல கேலிக்கு முன்னால் ஒரு நல்ல எச்சரிக்கை எப்படித் தோற்றுப்போகும் என்று அன்று எனக்குத் தெரியாது. உனக்கு என் வாய் வந்திருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

காதர் அந்தப் பொடியைக் கடல்பாசியில் கலந்து காய்ச்சினான். தாம்பாளத்தில் மரகதக் கல் போலப் பச்சையாக உறைந்து நின்றது. அந்த வருஷம் தெருவில் யார் வீட்டிலும் அப்படி நிறம் கிடையாது. பெரியவர்கள் நாங்கள் நோன்பு திறக்கும்போது ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு சாப்பிட்டோம். எனக்குக் குமட்டியது. உன் அத்தாவுக்கு வயிற்றுப்போக்கு. வெறும் வயிறு, நோன்பின் களைப்பு என்று நினைத்துக்கொண்டோம். மைமூனுக்கு நோன்பு கிடையாது. பிள்ளைக்குச் சத்து ஏற வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் பாலில் கலக்கி அவளுக்கு மட்டும் தனியாகக் கொடுத்தான். கொஞ்ச நாளில் கன்னம் உப்பினாற்போல் தெரிந்தது. “பார்த்தியாக்கா, பூரிக்கிறா” என்றான். நானும் ஆமாம் என்றேன்.

பிறகு அவள் சாப்பிட மறுத்தாள். வாந்தி எடுத்தாள். வயிற்றைத் தொட விடவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாக மாறியது. காமாலைக்கு மந்திரிக்கக் கொண்டுபோனோம், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். உடம்பு தளர்கிறதே என்று காதர் சத்துப்பொடியையும் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டிருந்தான். பல் ஈறிலிருந்து ரத்தம் கசிந்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, “என்ன குடுத்தீங்க?” என்று கேட்டார். “சத்துப்பொடிம்மா” என்றான். “எதுல செஞ்சது?” “கடல்பாசிம்மா.” அவன் பொய் சொன்னது பயத்தில். “கடல்பாசி ஒண்ணும் செய்யாதே, கழலைக்குக்கூட நல்லதுதானே” என்று அந்தம்மா வேறு எதையோ யோசிக்கத் தொடங்கினார். நான்தான் முன்னால் போய், “கடல்பாசி இல்லைங்கம்மா, குட்டைப் பாசி” என்றேன். அந்தம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஆடு மாடு இப்படிச் செத்ததைப் படிச்சிருக்கேன். பிள்ளைக்கும் அதுதான்னு என்னால சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா ஈரல் கெட்டுப்போயிருக்கு. அது கழுவினாப் போற அழுக்கு இல்லைம்மா, அந்தப் பாசிக்குள்ளேயே இருக்கிற விஷம். காய வெச்சாலும் போகாது, கொதிக்க வெச்சாலும் போகாது. நல்ல பாசியும் கெட்ட பாசியும் ஒரே தண்ணியில கலந்து கிடக்கும். கண்ணால பிரிக்க முடியாது.” காதர் அவரிடம், “நான் ரொம்ப நல்லாக் கழுவினேன்மா” என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி அலசுகிற நேரத்தில், மைமூன் மவுத்தாகிவிட்டாள். வாயிலிருந்து வந்த ரத்தத்தை அவளுடைய பாவாடையாலேயே துடைத்தேன். அதைப் பார்க்க அவள் அம்மாவை நான் விடவில்லை.

காமாலை என்று ஊருக்குச் சொன்னோம். உனக்கும் அதையே எழுதினோம். பெருநாளுக்கு நீ வந்தபோது அவளைப் புதைத்த மண் காய்ந்திருந்தது. மகளைக் கொன்றவன் என்று என் தம்பியை யாரும் சொல்லிவிடக் கூடாது என்று உன் அத்தா எடுத்த முடிவு அது. அவனும் அதற்குப் பிறகு பாசி மூட்டையைத் தொடவில்லை. நீ வேலைக்குச் சேர்ந்தபோது, “ஏன் மாமா வியாபாரத்தை விட்டீங்க?” என்று கேட்டாய். “இடுப்பு வலி மாப்பிள்ளை, மூட்டை தூக்க முடியலை” என்றான். நீயும் நம்பினாய். தெருவில் எல்லார் வீட்டிலும் பச்சையும் ரோஸுமாகக் கடல்பாசி உறையும்போது நம் வீட்டில் மட்டும் வெறும் வெள்ளையாக இருக்கிறதே என்று என்னைக் கஞ்சப் பிசினாறி என்பாய். சரி, கஞ்சமாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நானும் விட்டுவிட்டேன்.

இனி நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லையே என்பாய். உறுதியாகத் தெரியாததை உன் வயிற்றில் போட்டுக்கொள்ளலாம், அடுத்தவன் பெற்ற பிள்ளையின் தட்டில் போடலாமா? வெளிநாட்டில் சாப்பிடுகிறார்களே என்பாய். நீயே எழுதியிருக்கிறாய், அவர்கள் தொட்டி கட்டி, நல்ல தண்ணீர் விட்டு, இன்ன பாசி என்று பார்த்து விதைத்து வளர்க்கிறார்கள் என்று. நெல்லை நட்டால் நெல் வரும். உன் ஏரியில் எதை யார் நட்டார்கள்? பூதக்கண்ணாடியில் பார்த்தேன் என்றும் எழுதியிருக்கிறாய். ஒரு சொட்டைப் பார்த்தாயா, ட்ரம் முழுவதையும் பார்த்தாயா? போன வாரம் இருந்த பாசிதான் இந்த வாரமும் இருக்கிறது என்று அது உனக்கு எழுதிக் கொடுத்ததா? நான் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்பாய். உன் உடம்பு எருமை உடம்பு, பெற்றவள் நான் சொல்கிறேன். நாங்களும்தான் சாப்பிட்டோம், குமட்டலோடு போயிற்று. அவள் நான்கு வயது. உன் முன்னால் வரிசையில் உட்காரப்போகிறவர்கள் அவள் அளவுதான் இருப்பார்கள். பசித்த பிள்ளை வேண்டாம் என்று சொல்லாது மகனே, இன்னொரு ஸ்பூன் கேட்கும். வாத்தியார் கையால் கொடுத்தது என்று வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்கும் மடித்து எடுத்துக்கொண்டு போகும். இன்றே நீ சாப்பிடுவதை நிறுத்து. கண்ணாடியில் உன் கண்ணைப் பார். மஞ்சள் தட்டினால் ஒரு நிமிஷம் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ, என்ன சாப்பிட்டாய் என்று மறைக்காமல் சொல்.

பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உன் மனசு அடித்துக்கொள்கிறதே, அது நல்ல மனசு. காதருக்கும் அதே மனசுதான் இருந்தது. உன் பள்ளிக்கூட வேலியில் முருங்கை நிற்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்தக் கீரையை உருவிச் சாம்பாரில் போடு. வேர்க்கடலை ஒரு கைப்பிடி வறுத்துக் கொடு. பத்திரிகையில் போட்டோ வராது, பிள்ளை உயிரோடு இருக்கும்.

இதை நான் தபாலில்தான் போடுவதாக இருந்தேன். நேற்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து காதர் வந்தான். நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “என்னக்கா, சொத்தை யார் பேருக்கு எழுதறே?” என்று கேட்டான். அவன் கேலி பேசி நான் கேட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று. அந்த நேரம் பார்த்து உன் அத்தா எதையோ எடுக்கப் போய், டின் அவன் முன்னால் உருண்டு திறந்துகொண்டது. அவன் குனிந்து பார்த்தான். ஒரு சிட்டிகையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தான்.

“யாரு அனுப்புனதுக்கா?”

“உன் மாப்பிள்ளை.”

“நல்லாக் கழுவியிருக்கான்” என்றான். விரலை வேட்டியில் துடைத்தான். “யாருக்குக் குடுக்கப் போறான்?”

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு. திங்கட்கிழமை.”

“முசிறிக்கு முதல் பஸ் எப்போ?”

“நீ போய் என்னடா சொல்லுவே?”

“எனக்குச் சொல்ல வராதுக்கா. நீ எழுதிக் குடு. நான் கொண்டுபோறேன்.”

எல்லாவற்றையும் எழுதட்டுமா என்று கேட்டேன். மைமூன் பெயரை நான் வாயால் சொல்லவில்லை. “எழுது” என்றான். இத்தனை வருஷம் மூடி வைத்ததைத் திறக்க அவன்தான் சம்மதம் கொடுத்தான், நான் இல்லை.

ஆகவே இதைப் படிக்கிற நேரத்தில் அவன் உன் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பான். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டான். அவனிடம் ஒன்றும் கேட்காதே. மன்னிப்பும் கேட்காதே, ஆறுதலும் சொல்லாதே. பேசாமல் ட்ரம்மை எடுத்து அவன் கையில் கொடு. திரும்ப ஏரியில் கொட்டக் கூடாது, ஆடு மேய்கிற இடத்திலும் கொட்டக் கூடாது, ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். மண்வெட்டியை அவன் உன்னிடம் வாங்கிக்கொள்வான், விட்டுவிடு, அவனே வெட்டட்டும். மூடுகிற நேரத்தில் மட்டும் நீ பக்கத்தில் போய் நில். மைமூனுக்கு மூன்று கைப்பிடி மண் போட உனக்கு அன்று கிடைக்கவில்லை. இப்போது போடு.

உன் அம்மா